ரம்பம் கடைசியில்: தலையில்லாத பேஸ் கிட்டார்



மாரியம்மன் கோயில் பூச்சாட்டு தொடங்கிவிட்டால் கொங்கு நாட்டு ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கு ஓய்வு கிடையாது. இன்றைக்குப் பொள்ளாச்சி, நாளைக்குக் கோபி, மறுநாள் தாராபுரம். மேடையில் டிரம்ஸ்காரருக்குப் பக்கத்தில், நீளமான கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். அவர்தான் பேஸ் கிட்டார்காரர். அடுத்த முறை அவருடைய இடது கையைக் கவனியுங்கள். வாசிக்கிற வேலையோடு, கிட்டாரின் கழுத்து கீழே சாய்ந்துவிடாமல் தாங்குகிற வேலையையும் அந்தக் கை பார்த்துக்கொண்டிருக்கும்.

எல்லா பேஸும் இப்படிச் சாய்வதில்லை. விலை மலிந்த பேஸ்களில், உடல் இலேசான மரத்தில் செய்திருந்தால், இது பெரும்பாலும் நடக்கும். காரணம் எளியது. சுருதி கூட்டும் நான்கு இரும்புச் சாவிகளும், அவை உட்கார்ந்திருக்கிற ‘தலை’ என்ற மரப்பகுதியும் கழுத்தின் கடைக்கோடியில் இருக்கின்றன. சாவிகள் மட்டுமே முந்நூறு, நானூறு கிராம் வரும். தோள்வார் மாட்டுகிற இடத்திலிருந்து பார்த்தால் இந்த எடை அரை மீட்டருக்கும் அப்பால் தொங்குகிறது. மூன்று மணி நேரக் கச்சேரி முடிவதற்குள் தோளும் மணிக்கட்டும் அதை உணர்ந்துவிடும்.

அந்தத் தலையே வேண்டாம் என்று எடுத்தவர் நெட் ஸ்டைன்பெர்கர் என்ற அமெரிக்கர். நாற்காலி, மேசை வடிவமைத்துக்கொண்டிருந்தவர். நியூயார்க்கின் புரூக்ளினில் ஸ்டூவர்ட் ஸ்பெக்டர் என்ற கிட்டார் தயாரிப்பாளரோடு பழகப்போய், 1977-இல் அவருக்காக ஒரு பேஸ் வடிவமைத்துக் கொடுத்தார். பிறகு சொந்தமாக யோசித்தார். கம்பியின் ஒரு முனையைக் கழுத்தின் நுனியில் மாட்டிவிட்டு, சுருதி கூட்டுகிற வேலை முழுவதையும் உடலின் அடிப்பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். கார்பன் இழையும் பிசினும் கலந்து வார்த்த, சின்னப் பெட்டி மாதிரி உடல் கொண்ட அந்த பேஸை 1981-இல் டைம் இதழ் ஆண்டின் சிறந்த வடிவமைப்புகளில் ஒன்றாகச் சொன்னது. ஸ்டிங், கெடி லீ என்ற புகழ்பெற்ற பேஸ்காரர்கள் அதை மேடையில் வாசித்தார்கள். 

வீணை கேட்டுப் பழகிய நம்மவர்களுக்கு இதில் பாதி தெரிந்த சங்கதிதான். தஞ்சாவூர் வீணையில் பிரடையைத் திருகிச் சுருதி சேர்ப்பார்கள். நுணுக்கமாகச் சரிசெய்ய வேண்டுமானால், கம்பிகள் ஏறிநிற்கிற குதிரைக்கு அப்பால், அவற்றின் முனை கட்டப்பட்ட நாகபாசத்தின் பக்கம் இருக்கிற லங்கர் என்ற சின்ன வளையங்களைத்தான் நகர்த்துவார்கள். வாசிக்கிற கைக்குப் பக்கத்திலேயே சுருதி. அந்தப் பக்கம் இருக்கிற யாளி முகம் அழகுக்கு. ஸ்டைன்பெர்கர் வீணையைப் பார்த்துத்தான் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. கம்பிக்கு இரண்டு முனை உண்டு, எந்த முனையில் இழுத்தாலும் கம்பிக்கு ஒன்றுதான். அதை இரு தரப்பும் கண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி வீட்டு வேலைக்கு வருவோம். பழைய பேஸ் ஒன்று கிடக்கிறது, தலையை எடுத்துவிடலாம் என்று ஆசைப்படுகிற பையன்கள் முதலில் தேடுவது ரம்பத்தை. அதை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள் என்பேன். தலையை வெட்டப் பத்து நிமிடம் போதும். உண்மையான வேலை அடிப்பக்கத்தில் இருக்கிறது. பேஸ் கம்பி ஒவ்வொன்றும் சுருதியில் நிற்கும்போது சுமார் 18 முதல் 20 கிலோ இழுப்பு. நான்கும் சேர்ந்தால் 70, 80 கிலோ. கம்பியைப் பிடிக்கிற பாகம் அந்த இழுப்பைத் தாங்கிக்கொண்டு, விரலால் திருகினால் நகரவும் வேண்டும், விட்டால் நகராமலும் இருக்க வேண்டும்.

இதற்கான பாகம் இணையத்தில் ரெடிமேடாகக் கிடைக்கிறது. ஆனால் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு அதை வெளியூரிலிருந்து வரவழைப்பது எனக்கு என்னவோ ஒப்பவில்லை. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்த ஊர் இது. கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. பம்ப் ஷாஃப்டும் மில் உதிரிபாகமும் கடைகிற டர்னருக்கு இந்த ஜாப் ஒரு பொருட்டே இல்லை. வரைபடத்தைப் பார்த்ததும் “ஏனுங்க, இது எந்த மெஷினுக்குங்க?” என்று கேட்பார். கிட்டாருக்கு என்றால் சிரிப்பார். சிரித்துவிட்டு அளவு கேட்பார். அளவைத் தயாராக வைத்திருங்கள்.

முதல் அளவு, கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி. பெரும்பாலான நான்கு கம்பி பேஸ்களில் குதிரையருகே அது 19 மில்லிமீட்டர். அப்படியானால் திருகுகிற குமிழ் 16 மில்லிமீட்டர் விட்டத்துக்கு மேல் போகக்கூடாது. போனால் ஒரு குமிழைத் திருகும்போது பக்கத்துக் குமிழும் விரலில் மாட்டும். குமிழின் மேல் நர்லிங், அதாவது சொரசொரப்பான கீறல், போடச் சொல்லுங்கள், வியர்த்த விரல் வழுக்காது. திருகு எம்5 போதும். அதன் மரை ஒரு சுற்றுக்கு 0.8 மில்லிமீட்டர் நகரும், சுருதியை மயிரிழையாகச் சரிசெய்யலாம். கம்பியின் குண்டு முனை மாட்டுகிற தாடை 20 மில்லிமீட்டராவது முன்னும் பின்னும் ஓட இடம் வேண்டும். ஸ்டெயின்லெஸ் திருகை ஸ்டெயின்லெஸ் மரைக்குள்ளேயே ஓட விடாதீர்கள். பளு ஏறினால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொள்ளும். தாடை பித்தளையாக இருக்கட்டும், கொஞ்சம் கிரீஸ் போடுங்கள். குமிழ் அழுந்துகிற இடத்தில் சின்ன த்ரஸ்ட் பேரிங் வைத்துவிட்டால், சுருதி ஏற ஏறக் குமிழ் கனக்கிற தொல்லையும் இருக்காது.

குமிழைத் திருக விரல் போக வேண்டுமே. சாதாரண பேஸில் குதிரைக்குப் பின்னால் இரண்டு மூன்று அங்குல மரம் இருக்கும். அந்த இடத்தில் மரத்தை அரைவட்டமாகக் குடைந்து எடுக்க வேண்டும். அது தச்சர் வேலை. குதிரையின் இடத்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள். 34 அங்குல பேஸில், கழுத்தின் முனையிலிருக்கிற சின்ன வெள்ளைத் தடுப்பிலிருந்து பன்னிரண்டாம் மெட்டுக்கு 17 அங்குலம், அங்கிருந்து குதிரைக்கு 17 அங்குலமும் ஒரு துளி கூடவும். இது பிசகினால் மேல் மெட்டுகளில் எந்தச் சுரமும் சேராது.

அடிப்பாகம் தயாரானதும் தலைப்பக்கம். வெள்ளைத் தடுப்பை ஒட்டி ஒரு உலோகப் பட்டை. அதில் நான்கு துளை, ஒவ்வொரு கம்பியையும் அழுத்திப் பிடிக்க ஒரு ஆலன் ஸ்க்ரூ. இங்கேதான் ஒரு யோசனை சொல்கிறேன். தலையை வெட்டாமலேயே இந்தப் பட்டையைத் தலையின் மேல் பொருத்துங்கள். தலை பின்னால் சாயாமல் தட்டையாக இருக்கிற ஃபெண்டர் வகை பேஸ் என்றால் இது சுலபம். கம்பியைப் பட்டையில் இறுக்கி, பழைய சாவிகளுக்கு வேலையே கொடுக்காமல், அடிப்பக்கக் குமிழால் மட்டும் சுருதி சேர்த்து இரண்டு வாரம் வாசியுங்கள். நாலைந்து கச்சேரி தாங்கட்டும். கம்பி நழுவினாலும், மரை தேய்ந்தாலும், இந்த மாற்றமே பிடிக்காமல் போனாலும் பழைய சாவிகளுக்கே திரும்பிவிடலாம். எல்லாம் சரியென்றால் அப்புறம் ரம்பம்.

வெட்டுவதற்கு முன் இரண்டு எச்சரிக்கை. கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற எஃகுக் கம்பி ஓடுகிறது. அதைத் திருகிக் கழுத்தின் வளைவைச் சரிசெய்வார்கள். பல பேஸ்களில் அந்தத் திருகுமுனை தலைப்பக்கம், சரியாக நாம் வெட்ட நினைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அதைத் தொடாமல் தள்ளி வெட்டவேண்டும். ஆலன் கீ நுழையப் பட்டையில் வழியும் விடவேண்டும். அடுத்தது கம்பி. பேஸ் கம்பி என்பது உள்ளே ஒரு நரம்பு, அதன்மேல் சுற்றிய சுற்று. இறுக்கிப் பிடிக்கும் முன்பே வெட்டினால் சுற்று உள்ளுக்குள் தளர்ந்து, புதுக் கம்பியே செத்த கம்பி மாதிரி ஒலிக்கும். இறுக்கு, சுருதி சேர், அதற்குப் பிறகுதான் மிச்சத்தை வெட்டு. வெட்டிய மரமுனையில் இரண்டு கோட் பாலிஷ் அடித்துவிடுங்கள், ஈரம் ஏறாது.

இவ்வளவும் செய்து என்ன கிடைக்கும்? நீளத்தில் ஏழெட்டு அங்குலம் குறையும். காந்திபுரத்தில் ஈரோடு பஸ் ஏறுகிறவருக்கு அது பெரிய உதவி. கழுத்து சாயாது. ஒலி பிரமாதமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். பேஸ் கழுத்தில் சில இடங்களில் சுரம் சட்டென்று அணைந்துபோகும். தலையின் எடை போனால் அந்த இடம் நகரும், சிலசமயம் நல்ல இடத்துக்கு, சிலசமயம் அடிக்கடி வாசிக்கிற இடத்துக்கே. அது அந்தந்த மரத்தின் குணம். நல்ல, விலையுயர்ந்த பேஸில் இதைச் செய்ய வேண்டாம்.

சில்லறைச் சிக்கல்களும் உண்டு. தலையில் கவ்வுகிற சுருதிமானிக்கு இனி இடமில்லை. வயர் வழியாக இணைக்கிறதை வாங்க வேண்டும். தலையைப் பிடித்துத் தொங்கவிடும் சுவர்க் கொக்கியும் பயன்படாது. கழற்றிய நான்கு சாவிகளை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேஸ் சாவி உடைந்து மாற்றுக் கிடைக்காமல் தேடுகிற ஆர்கெஸ்ட்ராக்காரர் யாராவது நிச்சயம் வாங்கிக்கொள்வார்.