ஊதாரி மைந்தனின் கந்தல் உடை



ஊதாரி மைந்தன் நாடகத்தின் உடைப் பொறுப்பு எங்களுடையது. "கந்தல்தானே, பழந்துணியைக் கிழித்துக் கொடுத்தால் போதாதா?" என்று கேட்போர் உண்டு. அப்படிக் கிழித்த துணி மேடையில் கத்தரிக்கோலைத்தான் காட்டும். உடுத்தியவன் பட்ட பாட்டைக் காட்டாது.

லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் நாம் காணும் மைந்தன் செல்வர் வீட்டுப் பிள்ளை. ஆகவே அவன் உடையை மூன்று அடுக்காக அமைக்கிறோம். உள்ளே பழுப்பேறிய மல் துணி. நடுவே நிறம் மங்கிய, கரை வைத்த அங்கி. மேலே சாக்குத் துண்டு. சாக்கு கிழிந்த இடத்தில் அந்தக் கரை சற்றே தெரிய வேண்டும். அவன் எந்த நிலையிலிருந்து வீழ்ந்தான் என்பதை அதுவே சொல்லிவிடும்.

துணி பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டரில் தேயிலைச் சாயம் சரியாகப் பிடிக்காது. நெருப்புப் பட்டால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். முதலில் வெந்நீரில் அலசித் துணியின் கஞ்சியைப் போக்கிவிட்டு, கெட்டியான தேயிலை டிக்காஷனில் ஊறவைத்தால் பழுப்பு ஏறும். கருநிறம் வேண்டிய இடத்தில், கடுக்காய் நீரில் நனைத்து உலர்த்தி, துருப்பிடித்த ஆணிகளை வெல்ல நீரில் பல நாள் ஊறவைத்து வடித்த நீரைத் தெளிக்கிறோம். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கருமை பிறக்கும். கலம்காரித் துணியின் கறுப்பும் இவ்வாறு வருவதே. இரும்பு நீர் மிகுந்தால் துணி நாளடைவில் இற்றுப்போகும், அளவு முக்கியம். பிறகு ஈரத்துணியை முறுக்கிக் கயிற்றால் கட்டி வெயிலில் காயவைத்தால் சுருக்கங்கள் படியும்.

எங்கே கிழிய வேண்டும் என்பதை உடலே காட்டித் தரும். தோள், முழங்கை, முழங்கால், தரையில் உரசும் ஓரம் ஆகிய இடங்களை உப்புத்தாளாலும் கம்பித் தூரிகையாலும் தேய்த்து நூல் பிரிக்கிறோம். இடுப்புக் கச்சையின் அடியில் வெயில் படாததால், அங்கு மட்டும் பழைய நிறத்தை விட்டுவைக்கிறோம். பின்பு இருபது அடி தள்ளி நின்று, மேடை விளக்கில் பார்த்துத் திருத்துகிறோம்.

அன்பர்களே, நாடகம் பார்க்க வருவோரில் ஒட்டுப் போட்ட துணியைத் துவைத்து உடுத்தி வருவோரும் இருப்பார்கள். 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது நம் முன்னோர் வாக்கு. ஆதலால் தந்தை வீட்டு வேலையாட்களின் உடையில் ஒட்டுகள் உண்டு, அழுக்கு இல்லை. மைந்தன் உடையில் ஒரு தையல்கூட இல்லை. தைத்துக் கொடுக்க அவனுக்கு யாருமில்லை. வறுமை வேறு, ஆதரவற்ற நிலை வேறு என்பதை ஊசி நூலால் சொல்ல முயல்கிறோம். அந்தக் கந்தலைக் கண்டு அரங்கில் சிரிப்பு எழுந்தால், எங்கள் வேலை முடியவில்லை என்றே கொள்வோம்.

கடைசியாக, சாயம் ஏற்றிய துணியை நிறம் கழியாதவரை அலசுகிறோம். திரும்பி வந்தவனைத் தந்தை குளித்துவரச் சொல்லவில்லையே! கந்தலோடு கட்டித் தழுவுகிறார். அந்நேரம் அவரது வெள்ளை அங்கியில் கறை படியலாகாது. கறைக்கு அஞ்சி நடிப்பவர் கை தயங்கவும் கூடாது. முதல்தரமான அங்கியைக் கந்தலின் மேலேயே போர்த்த வேண்டியிருப்பதால், அதைச் சற்றுத் தாராளமாகவே வெட்டித் தைத்திருக்கிறோம்.