நுளம்பு முட்டையும் நம்ம இரத்தமும்



நுளம்பு பசிக்குத்தான் கடிக்குதுன்னு நாங்க நினைக்கிறோம். அது சரியில்லை. ஆண் நுளம்பு கடிப்பதே இல்லை. பெண் நுளம்பு கடிப்பது முட்டைக்காகத்தான்.

கோழி முட்டையில் மஞ்சள் கரு இருக்கிற மாதிரி, நுளம்பு முட்டைக்கும் கரு வேண்டும். இரத்தம் வயிற்றில் இறங்கியதும் மூளையிலிருந்து ஒரு ஹோர்மோன் சூலகத்துக்குப் போகிறது. சூலகம் எக்டைசோன் என்ற ஹோர்மோனைச் சுரக்கிறது. அதனால் உடம்பிலுள்ள கொழுப்புத் திசு கருப் புரதத்தைச் செய்து முட்டைக்கு அனுப்புகிறது. மூன்று நாளளவில் முட்டைகள் தயார்!

இதற்கெல்லாம் முன்பே உடம்பைத் தயார்படுத்துவது 'இளமை ஹோர்மோன்'. அதே போன்ற மருந்து தண்ணீரில் இருந்தால் புழு நுளம்பாக மாற முடியாது. 1990களில் எலஹெர மாணிக்கக் குழிகளில் அதைப் போட்டார்கள், மலேரியா குறைந்தது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது.

ஆனால் டெங்கு போகவில்லை. டெங்கு நுளம்பின் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்; தண்ணி பட்டா பொரிக்கும். பேரலை ஊத்தினா மட்டும் போதாது. கிழமைக்கு ஒருதரம் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுவோம். லயத்தில் ஒரு வீடு விட்டாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆபத்து.