வலி தலைவிதியா?



சேலம், ராசிபுரம், நாமக்கல் பக்கங்களில் குழித்தறி மிதித்தும், சேகோ ஆலையில் குத்தவைத்துக் கிழங்கு உரித்தும் உழைத்தவர்களுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டால், பூர்வஜென்ம பாவம் என்கிறார்கள். குருத்தெலும்பு தேய்வதற்குப் பூர்வஜென்மம் எதற்கு? இந்த ஜென்மத்து உழைப்பும் வயதும் போதாதா என்று கேட்கிறோம்.

இன்று தேய்ந்த மூட்டை மாற்றி வைக்கிறார்கள். ஆனால் ஆபரேஷனுக்குப் பின் வரும் வலியை மாத்திரம், “அனுபவித்துத்தான் தீரவேண்டும்” என்று நம் தாய்மார்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்கள். வலிக்குப் பயந்து காலை மடக்கி நீட்டாவிட்டால் புது மூட்டும் விறைத்துப் போகுமே! பிறகு மாற்றி என்ன பயன்?

இந்தப் பைத்தியக்காரத்தனம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல. 1847-ல் எடின்பரோவில் சிம்ப்ஸன் என்ற டாக்டர் பிரசவ வலிக்குக் குளோரோபாரம் கொடுத்தபோது, வலி கடவுள் இட்ட சாபம் என்ற மத ஆட்சேபணைக்கு அவர் புத்தகம் எழுதிப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

வலி என்பது நரம்பு வழியாக மூளைக்குப் போகும் சேதி. வழியில் மறித்தால் சேதி போய்ச் சேராது. 1884-ல் கார்ல் கோலர் என்ற வியன்னா டாக்டர் கொக்கேன் மருந்தால் கண்ணை மரக்கச் செய்து காட்டினார். இன்று அல்ட்ராசவுண்டு கருவியில் பார்த்து, தொடையின் உட்புறத்து நரம்பருகே பூபிவக்கேன் போன்ற மருந்தைச் செலுத்துகிறார்கள். தொடையின் மேற்பகுதியில் பெரிய நரம்பை மறித்தால் சதை பலமிழந்து, எழும்போது விழ நேரிடும். உட்புறத்தில் மறித்தாலோ வலி வெகுவாகக் குறையும். சதையின் பலமும் பெரும்பாலும் நிற்கும். ஒரு ஊசியின் பலன் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தீரும். அதனால் சிலருக்கு மெல்லிய குழாயை வைத்து இரண்டு மூன்று நாள் மருந்து விடுவதுண்டு.

அப்படியானால் புதிதாக வருவதையெல்லாம் நம்பிவிடலாமா? கூடாது. கொழுப்புத் துளிகளில் அடைத்து மெள்ளக் கசியவிடும் விலையுயர்ந்த பூபிவக்கேன் ஒன்று உண்டு. நரம்பருகே செலுத்தும்போது அது சாதாரண மருந்தைவிட மேலானதல்ல என்றே 2021-ல் வெளியான ஆராய்ச்சித் தொகுப்பு முடிவு கூறியது. சாமியாரைக் கேட்கும் கேள்வியை மருந்துக்காரனையும் கேட்பதுதான் பகுத்தறிவு.

ஆகவே தோழர்களே! ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம், “என்ன ஊசி? எத்தனை மணி நேரம் நிற்கும்? அது தெளியுமுன் என்ன மாத்திரை சாப்பிடவேண்டும்?” என்று கேளுங்கள். நாமக்கல்லிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அது நம் வரிப்பணத்தில் நடப்பது. அங்கே கேட்பதற்கு யாருக்கும் கூச்சம் வேண்டாம்.