நுண்கட்டுப்படுத்திக்கு ஏற்ற மொழி



துணி துவைக்கும் பொறியிலும் ஊர்தியிலும் இன்று நகமளவுச் சில்லொன்று அமர்ந்து அவற்றை இயக்குகின்றது. அதுவே நுண்கட்டுப்படுத்தி. 1980-இல் வெளிவந்த இன்டெல் 8051 சில்லின் செயல்நினைவகம் வெறும் 128 பைட்டு. நிரலுக்குரிய இடமோ 4096 பைட்டு. அச்சிற்றிடத்துள் அடங்கும் மொழியே அதற்குத் தக்கது.

சில்லின் கட்டளைகளிலேயே எழுதும் தாழ்நிலை மொழி இடத்தை வீணாக்காது. எனினும் சில்லு மாறின் நிரல் முழுவதையும் புதிதாய் எழுதல் வேண்டும். 1972-ஐ ஒட்டித் தென்னிசு இரிட்சி வடித்த ‘சி’ மொழி செறிவும் உடையது. பிற சில்லுக்கு மாற்றவும் எளிது. ஆதலின் பெரும்பான்மையோர் அதனையே தேர்கின்றனர்.

அடுத்தது தொகுப்பி. சில்லறிந்தே அதனைத் தேர்தல் வேண்டும். குனு தொகுப்பி 8051-க்கு உதவாது, அதற்கு எசு.டி.சி.சி. உண்டு. ஏ.வி.ஆர். வகைச் சில்லுகட்குக் குனு தொகுப்பி தக்கது. இரண்டும் விலையின்றிக் கிடைப்பன.

தமிழ்ப்பெயர் சில்லுக்குச் சுமை என்பார் உளர். அது பிழை. மாறிக்கு ‘வெப்பம்’ எனப் பெயரிடினும் ஆங்கிலப் பெயரிடினும், தொகுக்குங்கால் அப்பெயர் முகவரி எண்ணாகி மறையும். சில்லினுள் ஏறுவன எண்களே. ஒரு பைட்டும் மிகாது. 2020-இல் வந்த குனு தொகுப்பியின் 10-ஆம் பதிப்பு தமிழெழுத்துப் பெயர்களை நேரே ஏற்கின்றது. ‘சி’ மொழியின் ஆங்கிலக் கட்டளைச் சொற்கட்கும் முன்வரையறையால் தமிழ்ச்சொல் அமைக்கலாம்.

பொறி தடுக்கவில்லை, தமிழரே தயங்குகின்றனர். தமிழ் மாணவர் எழுதும் முதல் நிரலிலேயே தமிழ்ப்பெயர் இடம்பெறுக!

வெல்க தமிழ்!