வேளைக்காரர் உரைத்த சூள்



தேர்ந்தெடுத்த சிறப்புப் படையிற் சேர என்ன வேண்டும் என்று என் மாணவன் ஒருவன் வினவினான். உடல் வலிமை, அஞ்சாமை, குறி தவறாமை என விடையையும் அவனே அடுக்கினான். அவற்றை மறுத்தேனல்லேன். எனினும், எங்கள் வற்றாப்பளைக்குத் தெற்கே பொலநறுவையில் நிற்கும் தமிழ்க் கல்வெட்டொன்றைப் பற்றி அவனுக்குச் சொன்னேன்.

சோழர் படையிலும் ஈழத்து மன்னர் படையிலும் வேளைக்காரர் என்போர் இருந்தனர். வேண்டிய வேளையில் உயிர் கொடுப்பதாகச் சூளுரைத்தமையால் அப்பெயர் வந்தது என்பர். அவர்களைக் குறையற்றவராகக் காட்ட நான் முனையவில்லை. முதலாம் விசயபாகு (1055–1110) சோழர்மேற் செல்லப் பணித்தபோது, அவர்கள் கிளர்ந்தெழுந்து அரண்மனையை எரித்தனர் என்று சூளவமிசம் கூறும். மன்னன் அவர்களைக் கடுமையாகவே அடக்கினான்.

ஆயினும் அம்மன்னன் மறைந்தபின், புத்தர் பெருமானின் தந்ததாதுப் பள்ளியைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரரிடமே வந்தது. வலங்கையார், இடங்கையார், வடுகர், மலையாளர் முதலியோர் ஒருங்கு கூடினர். பள்ளிக்குரிய ஊர்களையும் பண்டாரத்தையும் அங்கே தஞ்சம் புகுந்தோரையும், தாம் அழிய நேரினும், தம் வழிமரபு உள்ளளவும் காப்பதாகக் கல்லிற் பொறித்தனர்.

2009இல் தஞ்சம் தேடி நடந்த மக்களைக் கண்டது எங்கள் ஊர். ஆதலால் அவ்விடத்தில் என் குரல் சற்றுத் தடைப்பட்டது.

மாணவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "தஞ்சம் புகுந்தவர் யாராயினுமா, ஐயா?" என்று கேட்டான்.