நசுங்கும் முன்புறமும் நசுங்காத மின்கலமும்



கோவையிலிருந்து காங்கயம், வெள்ளகோவில் வழியாகக் கரூர் செல்லும் நெடுஞ்சாலையை உங்களுட் பலர் அறிவீர்கள். புகையும் இரைச்சலும் இல்லாத மின்சாரக் கார்கள் இன்று அச்சாலையில் ஓடக் காண்கிறோம். அவற்றைப் பார்த்து நம் ஊர்ப் பெரியவர்கள் வினவும் வினா ஒன்று உண்டு: "எதிரே வரும் வண்டியோடு நேருக்கு நேர் மோதினால் உள்ளே இருக்கும் பேட்டரி என்ன ஆகும்?" நல்ல வினா. அதற்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. பாரத் என்கேப் என்னும் மதிப்பீட்டுத் திட்டம் நம் நாட்டில் 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. இதன் முன்மோதல் சோதனையில், காரை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், நசுங்கக்கூடிய ஒரு தடுப்பின்மீது மோதவிடுகிறார்கள். காரின் அகலத்தில் நூற்றுக்கு 40 பங்கு மட்டுமே தடுப்பிற் படும். இருவழிச் சாலையில் எதிரெதிரே வரும் வண்டிகள் பாதி விலகியும் பாதி விலகாமலும் மோதிக்கொள்வதை இஃது ஒத்தது.

மணிக்கு 64 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு ஏறக்குறைய 17.8 மீட்டர். ஒரு பொருள் 16 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது இந்த வேகத்தை அடையும். ஐம்பதடிக் கிணறு நமக்குப் புதியதன்று. நீர் வற்றிய அத்தகைய கிணற்றின் அடிப்பாறையில் ஒரு காரைத் தள்ளினால் எத்தகைய மோதல் நேருமோ, அத்தகையதே இதுவும்.

இந்த வேகம் 10 சென்டிமீட்டர் தொலைவிற்குள் அடங்க நேர்ந்தால், உள்ளிருப்பவர்மீது புவியீர்ப்பைப் போல் ஏறக்குறைய 160 மடங்கு விசை தாக்கும். 60 சென்டிமீட்டர் தொலைவில் அடங்கினாலோ அது 27 மடங்காகக் குறைந்துவிடும். பாறையின்மேல் விழுவதற்கும் சோளத்தட்டுப் போரின்மேல் விழுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. போர் அமுங்குகிறது, அமுங்குவதால் காக்கிறது.

மோட்டார் வண்டிக்கு இந்த உண்மையைப் பொருத்திக் காட்டியவர் பேலா பரேனி என்னும் பொறியியல் அறிஞர். மெர்சிடிஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1950களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். வண்டியின் முன்புறமும் பின்புறமும் நசுங்க வேண்டும், மனிதர் அமரும் நடுக்கூடு நசுங்கலாகாது என்பதே அவரது கருத்து. 1959இல் வெளிவந்த மெர்சிடிஸ் கார் இம்முறையில் அமைந்தது. நம் தேங்காயின் அமைப்பும் இதுவே அன்றோ? மட்டையும் நாரும் அடியை வாங்குகின்றன. ஓடு பருப்பைக் காக்கின்றது.

மின்சாரக் காரில் இந்தப் பணி சற்றே மாறுகிறது. பெட்ரோல் காரின் முன்புறத்தில் பெரிய எஞ்சின் உண்டு. அது நசுங்காத இரும்புத் திரள். மின்மோட்டாரோ சிறியது, ஆகவே நசுங்குவதற்கு இடம் மிகுதி. இஃது ஒரு நன்மை. ஆனால் பேட்டரியின் எடையால் வண்டி கனக்கிறது. எடை கூடினால் அடக்கவேண்டிய ஆற்றலும் கூடும். 400 கிலோ எடையுள்ள பேட்டரியை எண்ணிப் பாருங்கள். 27 மடங்கு விசையில் அது பத்து டன்னுக்கு மேற்பட்ட இழுப்போடு முன்னோக்கிப் பாயப் பார்க்கும். அதனைப் பிடித்து நிறுத்தும் திருகாணிகளும் சட்டங்களும் அந்த இழுப்பைத் தாங்கியாக வேண்டும்.

பொறியாளர் இதற்கு என்ன செய்கிறார்? பம்பருக்குப் பின்னே ஒரு குறுக்குச் சட்டம். அதன் இரு முனைகளிலும், நசுங்குவதற்கென்றே அமைத்த குறும்பெட்டிகள். அவற்றின் பின்னே இரு நீள்சட்டங்கள். இவை முன்னிருந்து பின்னாக, ஒழுங்காக மடிய வேண்டும். மடிந்த பின்னும் எஞ்சும் விசை பேட்டரியைத் தாக்கலாகாது. ஆதலால் முன்கண்ணாடியின் தூண்களுக்கும் கதவுகளின் அடிச்சட்டங்களுக்கும் அதனைப் பிரித்து விடுகிறார். இரண்டு அடிச்சட்டங்களுக்கும் இடையே, தரையின் கீழ், உறுதியான பெட்டிக்குள் பேட்டரி அமர்ந்திருக்கிறது. அப்பெட்டி நசுங்கினால் மின்கலத்தின் உள்ளே குறுக்குச்சுற்று நேரும். வெப்பம் ஒரு கலத்திலிருந்து மறு கலத்திற்குத் தாவும். சிற்சில வேளைகளில் விபத்து நடந்து பல மணி நேரம் கழிந்த பின்னரும் தீப்பற்றுவதுண்டு.

பேட்டரி மட்டுமன்று; ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கம்பிகளும் நசுங்கும் பகுதியிற் சிக்கலாகாது. காற்றுப்பை விரியும் அதே கணத்தில் மின்தொடர்பு தானே துண்டிக்கப்படுமாறு அமைக்கின்றனர்.

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகள் அல்ல. 2024 ஜூனில் டாட்டாவின் நெக்ஸான், பஞ்ச் ஆகிய மின்கார்கள் பாரத் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றன. செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள மகிந்திரா ஆராய்ச்சி மையத்தில் உருவான மின்கார்கள் 2025 ஜனவரியில் அதே மதிப்பைப் பெற்றன.

ஆயினும், இத்தனை அறிவையும் ஒரு பகற்பொழுதில் வீணாக்கிவிட நம்மால் முடியும். அழகு என்றும் பாதுகாப்பு என்றும் கருதி, காரின் முன்னே கனத்த இரும்புக் கம்பிச் சட்டம் பூட்டுவோர் உளர். அச்சட்டம் நசுங்கவேண்டிய பெட்டிகளை விலக்கிவிட்டு, மோதலை நேரே நீள்சட்டத்திற் செலுத்துகிறது. காற்றுப்பையின் உணர்கருவியையும் ஏமாற்றக்கூடும். மைய அரசு 2017 டிசம்பரில், இது மோட்டார் வாகனச் சட்டத்திற்கு மாறானது என்று மாநிலங்களுக்கு எழுதியது. அவ்வாறே, ஒருமுறை மடிந்த நீள்சட்டத்தைப் பட்டறையிற் சூடேற்றித் தட்டி நிமிர்த்தினால், பார்வைக்கு அது புதியது போலிருக்கும். ஆனால் அடுத்த மோதலில் முன்போல் ஒழுங்காக மடியும் என்று நம்புவதற்கில்லை. மாற்றவேண்டியதை மாற்றவே வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வேகம் ஒன்றரை மடங்கானால் ஆற்றல் இரண்டேகால் மடங்காகும். மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் தம் காரை ஐம்பதடிக் கிணற்றில் அன்று, நூற்றிருபதடிக் கிணற்றில் தள்ளத் துணிகிறார். ஐந்து நட்சத்திரமும் 64 கிலோமீட்டர் வேகத்துக்குக் கிடைத்த சான்றே; அதற்கு மேற்பட்ட வேகத்துக்கு அது பொறுப்பேற்பதில்லை.

மின்மோட்டாரும் பம்புசெட்டும் செய்து பெயர் பெற்றது நம் கோவைச் சீமை. நாளை உங்களுட் சிலர் இத்தகைய சட்டங்களை வரையப் போகிறீர்கள். பலர் பழுது பார்க்கப் போகிறீர்கள். எல்லோரும் சாலையிற் செல்லப் போகிறீர்கள். எது நசுங்க வேண்டும், எது நசுங்கலாகாது என்பதை அறிந்து வைத்திருங்கள். உயிர் காக்கும் அறிவு அது.