சாட்சி சொல்ல அரை ஏக்கர்



உக்கடத்தில் கூடியிருக்கிறோம். இந்த நகரத்தின் கழிவை அள்ளுகிற கைகள் பல தலைமுறைகளாகக் குடியிருக்கிற பகுதி இது. அதே கைகள் செய்யும் இன்னொரு வேலையைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறோம். அது குற்றம் நடந்த இடத்தில் செய்யும் வேலை.

குற்றப் புலனாய்வு என்றால் நம் மனதில் வருவது கையுறை, கேமரா, மோப்ப நாய். ஆனால் கொங்குப் பகுதியின் ஆழக் கிணற்றில் ஒரு பிணம் மிதந்தால் யார் இறங்குவது? ரயில் தடத்தில் சிதறிக் கிடந்தால் யார் பொறுக்கிச் சாக்கில் கட்டுவது? தீயணைப்புத் துறை வரும் இடங்கள் உண்டு. வராத இடங்களில் காலனிக்கு ஆள் போகும். கூலி என்று தருவது கொஞ்சம் பணம், ஒரு குவார்ட்டர். அதற்கு ரசீது கிடையாது. வழக்குக் கட்டில் அவர் பெயரும் கிடையாது.

அப்படி ஒரு பெரியவரை நாங்கள் அறிவோம். அவர் கலந்துகொண்ட வழக்கு இன்னும் முடியவில்லை, பெயர் வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். தாத்தா என்றே சொல்கிறோம். நாற்பது ஆண்டுகள் கிணற்றிலிருந்தும் தடத்திலிருந்தும் பிணம் எடுத்தவர். அரசு ஒப்படை செய்த அரை ஏக்கர் மானாவாரிக் காடு அவருக்கு இருந்தது. மழை பெய்தால் சோளமும் தட்டப்பயறும், பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. ஓர் எருமை, நாலு வெள்ளாடு. இதுதான் அவருடைய பண்ணையம்.

இரண்டு வேலைகளையும் எப்படிச் சேர்த்துச் செய்தீர்கள் என்று கேட்டோம். பிணம் எடுத்த நாளில் தலை முழுகாமல் எருமைக்கிட்டப் போகமாட்டேன், மடி இறங்காது என்றார். விதைப்பு நேரத்தில் ஆள் வந்தால் அன்றைய ஈரம் போய்விடும், மறுத்தால் அடுத்த முறை வேறு வழக்கில் பெயர் சேரும் என்றார். பிணத்தின் நாற்றத்தைவிட, உழவு தவறிய நாள்கள்தான் அவருக்கு அதிகம் நினைவிருந்தன.

ஒரு மார்கழியில் அவரைக் கூப்பிட்டார்கள். கிணற்றில் நம் பையன் ஒருவன். முதல் நாள் சாயங்காலம் குதித்துவிட்டான் என்று அதற்குள் பேச்சு முடிந்திருந்தது. தாத்தா கிணற்றுக்குப் போகும் வழியில் சோளக்காட்டைப் பார்த்தார். "சாமி, தட்டு ரெண்டு மூணு ஆள் அகலத்துக்குச் சாஞ்சிருக்குதுங்க. ஒருத்தன் நடந்தா ஒத்தைத் தடந்தானுங்க. சாஞ்ச தட்டுல ஈரமண் ஒட்டியிருக்குது, பனி இறங்குனதுக்கு அப்புறம் மிதிச்சதுங்க" என்றார். "உன் வேலையைப் பாருடா" என்று பதில் வந்தது. பிணத்தை எடுத்து மேட்டில் வைப்பதற்குள் கூட்டம் அந்தத் தட்டையெல்லாம் மிதித்துவிட்டது.

சோளம் விதைத்தவனுக்குத்தான் சோளத்தட்டு எப்படிச் சாயும் என்று தெரியும். தடயவியல் என்பதும் இதுதான். மண்ணையும் ஈரத்தையும் நேரத்தையும் படிப்பது. தாத்தாவுக்கு அந்தப் படிப்பு அரை ஏக்கரில் கிடைத்தது.

சட்டம் இந்த அறிவை எங்கே வைத்திருக்கிறது? சந்தேக மரணத்தில் பிரேத விசாரணை நடத்த, அக்கம்பக்கத்தைச் சேர்ந்த மதிப்புக்குரியவர்கள் இரண்டு பேராவது முன்னிலையில் இருக்க வேண்டும் என்றது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. யார் மதிப்புக்குரியவர்? கிணற்று மேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் தோட்டத்துக்காரர்கள். கிணற்றுக்குள் இறங்கியவர் கணக்கில் இல்லை.

தாத்தா அத்தோடு விடவில்லை. பையனின் அம்மாவிடம் சொன்னார், பிறகு வழக்கறிஞரிடம் சொன்னார், கடைசியில் வாக்குமூலமும் கொடுத்தார். அடுத்த வாரமே சுற்றியிருந்த தோட்டங்களில் அவருக்கும் அவர் மகனுக்கும் வேலை நின்றது. காட்டுக்குப் போகும் வண்டித்தடத்தில் முள் வெட்டிப் போட்டார்கள். முள்ளை ஒதுக்கிவிட்டு நடந்து போனார். "எருமை பால் கொடுத்துது, சோளம் சோறு போட்டுது. அதனாலதான் சொன்ன சொல்லு நின்னுது" என்றார். அதே காலையில் அதே தட்டைப் பார்த்த இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லை. அவர்கள் ஒன்றும் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்களைக் கோழைகள் என்று நாங்கள் சொல்லமாட்டோம்.

நாம் எல்லோரும் அறிந்த வழக்குக்கு வருவோம். 2015 ஜூன் 23 அன்று ஓமலூர் கோகுல்ராஜ் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் இருந்தார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தடத்தில் உடல் கிடந்தது. தற்கொலை என்று காட்டக் கடிதமும் தயாராக இருந்தது. விசாரணையில் முக்கியச் சாட்சி பிறழ்ந்தார், வேறு பலரும் பிறழ்ந்தார்கள். கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு பிறழவில்லை. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்குத் தண்டனை அளித்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் 2023 ஜனவரியில் நேரிலேயே கோயிலுக்கு வந்து, கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்த்தார்கள். யுவராஜின் தண்டனை அந்த ஜூனில் உறுதியானது. அந்தத் தாயின் உறுதியும் வழக்கறிஞர் ப.பா. மோகனின் உழைப்பும் இல்லாமல் இது நடந்திருக்காது.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். மனிதர் ஏன் பிறழ்கிறார், கேமரா ஏன் பிறழவில்லை? கேமரா மறுநாள் காலை யார் தோட்டத்துக்கும் கூலி வேலைக்குப் போக வேண்டியதில்லை. நம் சோளக்காடுகளில் கேமரா இல்லை. அங்கே மனிதர்கள்தான் சாட்சி.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. 6ஆம் விதி அதிகாரியை உடனே சம்பவ இடத்துக்குப் போகச் சொல்கிறது. 11ஆம் விதி, விசாரணைக்காக ஊரை விட்டு வரும் நாள்களுக்குச் சாட்சிக்குப் பராமரிப்புச் செலவு தரச் சொல்கிறது. அது விவசாயத் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக்கூடாது. கொலையுண்டவர் குடும்பத்துக்கான நிவாரணப் பட்டியலில் ஓய்வூதியம், வேலை, வீடு என்பவற்றோடு விவசாய நிலமும் இருக்கிறது; தேவையானால் விலைக்கு வாங்கியும் தரலாம். நாம் இழப்பீட்டுத் தொகையைக் கேட்கிறோம், வேலையைக் கேட்கிறோம். நிலத்தைக் கேட்க மறந்துவிடுகிறோம். 1892இல் பஞ்சமி நிலம் பெற்ற சமூகத்தின் பிள்ளைகள் நாம். அந்த நிலங்கள் கைமாறிப் போனபோது சோறு மட்டும் போகவில்லை, சாட்சி சொல்லும் வாயும் போனது.

ஆகவே களத்துக்குப் போகும் தோழர்களிடம் மூன்று வேண்டுகோள். பிணம் எடுத்தவர் யார் என்று முதல் நாளே கேளுங்கள். அவர் பெயரையும் கூலியையும் வழக்குக் கட்டில் ஏற்றி, வாக்குமூலம் பதியச் சொல்லி மனுக் கொடுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் 11ஆம் விதிப்படி சாட்சிக்குரிய பணத்தை எழுத்தில் கேளுங்கள். நிவாரண மனுவில் விவசாய நிலம் என்ற சொல்லை விடாமல் எழுதுங்கள்.

தடயவியல் படிக்கும் மாணவர்களே, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது புதிய சட்டம். நாளை நீங்கள் அந்த இடத்தில் நிற்பீர்கள். கையுறை போடும் முன், கயிற்றோடு ஓரமாக நிற்கும் அந்தப் பெரியவரைக் கூப்பிட்டு, என்ன பார்த்தீர்கள் ஐயா என்று கேளுங்கள்.

தாத்தா போன ஆண்டு ஆடியில் காலமானார். அந்த அரை ஏக்கரை மகன் உழுகிறார். சோளம்தான் போட்டிருக்கிறார். வழக்கின் அடுத்த வாய்தாவுக்கு நாங்களும் அவரோடு போகிறோம். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

ஜெய்பீம்.